நாளை இரவு சபலென்கா – அனிசிமோவா: எதை வைத்துக் கணிப்பது?

புளியரை பாசஞ்சர் · வெள்ளி, மதியம்

எல்லோருக்கும் வணக்கம், ஓண வாழ்த்துகள். எனக்கு வீடு புளியரையில், வேலை புனலூரில். இன்று திருவோணம், கடை விடுமுறை. அதனால்தான் விடியற்காலை நாலரைக்கே எழுந்து 2025 அமெரிக்க ஓப்பன் டென்னிஸின் பெண்கள் அரையிறுதி இரண்டையும் முழுதாகப் பார்க்க முடிந்தது. ஒசாகாவை அனிசிமோவா ஜெயித்தபோது இங்கே காலை பத்து மணி தாண்டிவிட்டது, அம்மா அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே இரண்டு தடவை திட்டியும் விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். செங்கோட்டை ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில் நாங்கள் ஆறு பேர் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெண்கள் டென்னிஸில் பெரிய ஆட்டம் வரும்போதெல்லாம் யார் ஜெயிப்பார் என்று முந்தின நாளே பெயர் எழுதிவிட வேண்டும். பணமெல்லாம் கிடையாது. தப்பாக எழுதியவர்கள் சரியாக எழுதியவர்களுக்கு டீயும் பழம்பொரியும் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் நான் எழுதியதைப் பாருங்கள்:

ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி, சபலென்கா என்று எழுதினேன், மேடிசன் கீஸ் ஜெயித்தார். பிரெஞ்சு ஓப்பன் இறுதி, மறுபடி சபலென்கா, காஃப் ஜெயித்தார். விம்பிள்டன் அரையிறுதி, சபலென்கா, அனிசிமோவா ஜெயித்தார். விம்பிள்டன் இறுதிக்கு ஸ்வியாடெக் என்று எழுதினேன், அது மட்டும் சரி, அனிசிமோவாவை 6-0, 6-0 என்று 57 நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்தத் தைரியத்தில் இந்தப் புதன்கிழமை அதே இரண்டு பேர் மோதிய அமெரிக்க ஓப்பன் கால் இறுதிக்கும் ஸ்வியாடெக் என்றே எழுதினேன். எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு கேம்கூட எடுக்க முடியாதவர் இப்போது என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அனிசிமோவா 6-4, 6-3 என்று நேர் செட்டில் ஜெயித்துவிட்டார்.

ஐந்தில் நாலு தப்பு. ஒவ்வொரு தடவையும் ரேங்கிங்கையும் கடைசியாக நடந்த ஆட்டத்தையும் பார்த்துத்தான் எழுதினேன். நாளை இரவு, அதாவது ஞாயிறு விடியற்காலை ஒன்றரை மணிக்கு சபலென்காவும் அனிசிமோவாவும் மோதுகிறார்கள். இதுவரை மோதிய ஒன்பதில் ஆறு அனிசிமோவாவுக்கு, மூன்றுதான் சபலென்காவுக்கு. அதைப் பார்த்தால் அனிசிமோவா என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் கை வரவில்லை. உண்மையாகவே கற்றுக்கொள்ள ஆசை. ஒரு பெண்கள் ஆட்டத்தைக் கணிக்க நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

---

கம்பம் திராட்சை · வெள்ளி, மதியம்

தம்பி, வருத்தப்படாதீர்கள். பெண்கள் டென்னிஸ் லாட்டரி மாதிரி. 2017 முதல் விம்பிள்டனில் எட்டுப் போட்டி நடந்திருக்கிறது (2020 கொரோனாவில் போய்விட்டது), எட்டுக்கும் எட்டு வேறு வேறு சாம்பியன். 2023இல் வோண்ட்ரூசோவா சீடிங்கே (போட்டிக்கு முன் பலசாலிகளுக்குக் கொடுக்கும் வரிசை எண்) இல்லாமல் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் ஊரிலிருந்து குமுளிக்கு மலையேறி ஓணம் பம்பர் டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் எத்தனையோ பேர். 500 ரூபாய் கொடுத்து 25 கோடிக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் நம்பர் பார்த்து எடுப்பதற்கும் நீங்கள் பெயர் எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் சரிபாதி என்பேன்.

---

கொழிஞ்சாம்பாறை கணக்கு டீச்சர் · வெள்ளி, மாலை

கம்பம் அண்ணா, இந்த ‘லாட்டரி’ என்ற பேச்சை நான் நெடுநாளாகக் கேட்டு வருகிறேன், ஒவ்வொரு தடவையும் மனது கஷ்டப்படும். பெண்கள் என்றால் நிலையில்லாதவர்கள் என்று ஒரு பழைய எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நீங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். லாட்டரியில் எந்த டிக்கெட்டுக்கும் வாய்ப்பு ஒன்றுதான், பின்னால் என்ன வரலாறு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இங்கே அப்படியா? சபலென்காவையே எடுங்கள். 2023 ஆஸ்திரேலியாவிலிருந்து இதுவரை ஹார்டு கோர்ட்டில், அதாவது கெட்டித் தரையில், நடந்த கிராண்ட்ஸ்லாம் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகள்) ஆறு. ஆறிலும் அவர் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறார். லாட்டரியில் ஒரே வீட்டுக்கு ஆறு தடவை வரிசையாகப் பரிசு விழுமா? விம்பிள்டன் புல் தரையில் எட்டு சாம்பியன் என்பது உண்மைதான், ஆனால் புல்லில் வருடத்துக்குச் சில வாரம்தான் ஆடுகிறார்கள், யாருக்கும் அங்கே முழுசாகக் கால் பழகுவதில்லை.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்தில் எதிர்பாராத முடிவு அதிகம் வருவது போலத் தெரிவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது, குணத்தில் இல்லை. முதல் காரணம் செட். ஒரு செட்டை ஜெயிக்க 60 சதவீதம் வாய்ப்புள்ள ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டால், மூன்று செட் ஆட்டத்தில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு 65 சதவீதம் அளவில் வரும், ஐந்து செட் ஆட்டத்தில் 68 வரும். ஆட்டம் நீளமானால் பலசாலிக்கு நல்லது. கிராண்ட்ஸ்லாமில் ஆண்களுக்கு ஐந்து செட், பெண்களுக்கு மூன்று. இது சின்ன காரணம்தான்.

பெரிய காரணம் சர்வ். இதை பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் போர்டில் போட்டே காட்டியிருக்கிறேன். தன் சர்வில் ஒருவர் நூற்றுக்கு 55 புள்ளி எடுத்தால் அந்த கேமை அவர் காப்பாற்றும் வாய்ப்பு 62 சதவீதம். அதே ஆள் 60 புள்ளி எடுத்தால் 74 சதவீதத்துக்குப் போய்விடும். பாருங்கள், புள்ளியில் ஐந்து ஏறினால் கேமில் பன்னிரண்டு ஏறுகிறது. அப்புறம் கேம்கள் சேர்ந்து செட், செட்கள் சேர்ந்து ஆட்டம் என்று போகும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெருகும். ஆண்கள் சர்வ் பலமாக இருப்பதால் பிரேக் (எதிராளி சர்வ் போடும் கேமை எடுப்பது) குறைவு, ஒரு செட்டில் ஒன்றோ இரண்டோதான் நடக்கும். பெண்கள் ஆட்டத்தில் ரிட்டர்ன் (சர்வைத் திருப்பி அடிப்பது) பலம் அதிகம், பிரேக் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் ஒருவருக்கு சர்வ் ஐந்து புள்ளி இறங்கிவிட்டால் போதும், ஸ்கோர் போர்டில் அது அடையாளமே தெரியாத ஆட்டமாக மாறிவிடும்.

இப்போது அந்த விம்பிள்டன் 6-0, 6-0ஐப் பாருங்கள். விம்பிள்டன் பெண்கள் இறுதியில் அப்படி ஒரு ஸ்கோர் 1911க்குப் பிறகு வந்ததே இல்லை. அனிசிமோவா மொத்தம் 24 புள்ளிதான் எடுத்தார். நூறு வருடத்தில் ஒரு தடவை நடக்கும் ஒன்றை வைத்து அடுத்த ஆட்டத்தைக் கணித்ததுதான் நீங்கள் செய்த தப்பு. மிக மோசமான ஒரு நாளுக்கு அடுத்த நாள் ஒருவர் தன் வழக்கமான இடத்தை நோக்கித் திரும்பி வருவார், அதுதான் இயல்பு. அவருடைய வழக்கமான இடம் எது? அதே விம்பிள்டனில் சபலென்காவையே மூன்று செட்டில் ஜெயித்தவர் அவர். பிப்ரவரியில் தோஹாவில் பெரிய கோப்பை வாங்கியவர். தோற்ற அந்த விம்பிள்டன் இறுதி வீடியோவை அவர் இந்தக் கால் இறுதிக்கு முந்தின இரவு உட்கார்ந்து மறுபடி பார்த்தாராம். ஒரு வருடத்துக்கு முன்னால், 2024இல், இதே விம்பிள்டனுக்குத் தகுதிச் சுற்றிலேயே தோற்ற பெண். அதையெல்லாம் நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

நேருக்கு நேர் 6-3 என்பதையும் அதே கண்ணோடு பாருங்கள். அதில் இரண்டு ஆட்டம் 2019இல் நடந்தது, அப்போது அனிசிமோவாவுக்கு வயது 17. ஆறு வருடத்துக்கு முந்தைய சபலென்கா இப்போதைய சபலென்கா இல்லை. அதற்காக நேருக்கு நேர் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. ஒஸ்டாபென்கோவிடம் ஸ்வியாடெக் ஆறு தடவை ஆடி ஆறும் தோற்றிருக்கிறார், அங்கே ஒருவர் ஆட்டம் இன்னொருவர் ஆட்டத்தை முறிக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஏன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு கொடுங்கள். சொல்ல முடியாவிட்டால் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ரேங்கிங் என்பது 52 வாரத்துப் புள்ளிக் கூட்டல். கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தால் 2000, அந்தப் புள்ளி ஒரு வருடம் கணக்கில் நிற்கும். போன வருடம் எப்படி ஆடினார் என்பதை அது நன்றாகச் சொல்லும். இந்த வாரம் தோள் வலிக்கிறதா என்பதைச் சொல்லாது.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். நோட்டில் பெயர் எழுதுவதை விடுங்கள். சதவீதம் எழுதுங்கள். என் கணக்கு: சபலென்கா 62.

---

நகரி நெசவு · வெள்ளி, இரவு

டீச்சர் சொன்னது எல்லாம் சரி. நான் கணக்கில் அவ்வளவு கெட்டி இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நமக்கு ஊர் ஆந்திரா பக்கம் நகரி, தறி வேலை. 2022 செப்டம்பரில் சென்னை ஓப்பன் வந்தபோது திருத்தணி வரை பஸ், அங்கிருந்து லோக்கல் ரயில் என்று போய் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் இரண்டு நாள் பார்த்தேன். டிவியில் தெரியாதது அங்கே ஒன்று தெரிந்தது.

செகண்ட் சர்வ்.

முதல் சர்வ் வெளியே போன பிறகு அந்தப் பெண் பந்தைத் தரையில் தட்டுவார் இல்லையா, அப்போது கையைப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும்போது மூன்று தட்டு, அதே உயரம், அதே இடத்தில் பந்து மேலே போகும். பதற்றம் வந்ததும் ஐந்து, ஆறு, ஏழு தட்டு என்று ஏறும், பந்தைத் தூக்கும்போது ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ போய்விடும், அப்போது கையை முழுக்க நீட்டாமல் தள்ளி விடுவார்கள். எதிரே நிற்பவர் அதைப் பார்த்து ஓரடி உள்ளே வந்து நிற்பார். அடுத்த புள்ளி யாருக்கு என்று அந்த ஓரடியிலேயே தெரிந்துவிடும். அன்றைக்குப் புழுக்கம் வேறு, ஒவ்வொரு புள்ளிக்கும் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வருடம் கோப்பை வாங்கிய செக் நாட்டுப் பெண் ஃப்ருவிர்டோவாவுக்கு வயது 17. இறுதியில் லினெட்டிடம் முதல் செட்டைத் தோற்று, பிறகு 6-3, 6-4 என்று எடுத்தார். ரேங்கிங்கை மட்டும் பார்த்தவர்கள் லினெட் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள்.

அதனால் நான் எந்த ஆட்டத்துக்கும் முதலில் பார்ப்பது செகண்ட் சர்வ் புள்ளியில் எத்தனை சதவீதம் ஜெயிக்கிறார், டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தப்பிப் புள்ளியை இழப்பது) எத்தனை என்பதைத்தான். முதல் சர்வை வைத்து எல்லோரும் அழகாக ஆடுவார்கள். செகண்ட் சர்வ்தான் பயத்தைக் காட்டிக் கொடுக்கும். சபலென்காவுக்கே 2022 தொடக்கத்தில் டபுள் ஃபால்ட் கொட்டோ கொட்டு என்று கொட்டியது, அடிலெய்டில் வேறு வழியில்லாமல் கையைத் தாழ்த்தி அண்டர் ஆர்ம் சர்வ்கூடப் போட்டார். அழுதுகொண்டே ஆடிய ஆட்டம் அது. பிறகு உடல் அசைவு நிபுணரை வைத்துத் தன் சர்வை அடியோடு மாற்றிக்கொண்டு, ஒரே வருடத்தில் ஆஸ்திரேலிய ஓப்பனை ஜெயித்தார். சர்வ் மாறியதும் ஆளே மாறிவிட்டார்.

இரண்டாவது ஓய்வு. சபலென்காவுக்குக் கால் இறுதியே நடக்கவில்லை, வோண்ட்ரூசோவா முழங்கால் காயத்தில் விலகிவிட்டார். அனிசிமோவாவோ புதன்கிழமை ஸ்வியாடெக், மறுநாளே ஒசாகாவோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம், இரண்டு டை பிரேக் (6-6 ஆனால் செட்டைத் தீர்க்கும் கடைசி கேம்), நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டி முடிந்தது. நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது. வலுவாக அடிக்கிற ஆட்டக்காரருக்குக் கால் அரை நொடி தாமதமானால் பந்து கோட்டுக்கு வெளியே போகும். அவருடைய பேக்ஹேண்டு மாதிரி இப்போது உலகத்தில் கொஞ்சம் பேரிடம்தான் இருக்கிறது, ஆனால் அதை அடிக்கக் கால் போய் நிற்க வேண்டுமே.

மூன்றாவது டை பிரேக். சபலென்கா வரிசையாகப் பதினெட்டு டை பிரேக் ஜெயித்திருக்கிறார். செட் நெருக்கமாகப் போனால் அவர் பக்கம். நான் எழுதுவது சபலென்கா 70.

---

குழித்துறை ஆறு · வெள்ளி, இரவு

ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. புளியரை மக்கா, ஒரே ஒரு விஷயம். உங்கள் நோட்டு டீயோடும் பழம்பொரியோடும் நிற்கிறது, அப்படியே நிற்கட்டும்.

என் சித்தப்பா மகன் இதே மாதிரிதான் ஆரம்பித்தான், கிரிக்கெட்டில் தொடங்கி டென்னிஸுக்கு வந்தான். டென்னிஸில் வருடம் முழுக்க, ராத்திரி பகல் என்று எங்கேயாவது ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும், அதுதான் அவனைக் கெடுத்தது. யாரென்றே தெரியாத இரண்டு பெண்கள் ஏதோ ஒரு நாட்டில் சின்னப் போட்டியில் ஆடுகிறார்கள், இவன் மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து விடியற்காலை மூன்று மணிக்கு போனில் அடுத்த கேம் யாருக்கு என்று பணம் கட்டுவான். சம்பளம் போனது, பைக் போனது, அக்காவின் வளையல் அடகுக்குப் போனது. இன்னொன்றும் செய்தான், அதுதான் எனக்கு மறக்கவே இல்லை. தோற்ற பெண்ணின் பக்கத்துக்குப் போய் வாயில் வராத வார்த்தையெல்லாம் எழுதினான். உலகம் முழுக்கப் பணம் கட்டித் தோற்றவர்கள் இப்படி எழுதுகிறார்கள் என்று ஆட்டக்காரர்களே எத்தனையோ முறை வெளியில் சொல்லிவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளையும் அதில் ஒருவன் என்று தெரிந்த நாள் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

போன மாதம் நாடாளுமன்றத்தில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஆகஸ்ட் 22 குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். எங்கள் வீட்டுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. அவன் இப்போது களியக்காவிளையில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான். ‘உறுதியான கணிப்பு தருகிறேன், குழுவில் சேருங்கள்’ என்று யாராவது செய்தி அனுப்பினால் அந்த நொடியே அழித்துவிடுங்கள்.

---

புளியரை பாசஞ்சர் · சனி, காலை

குழித்துறை அண்ணா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. எங்கள் டீக்கடையிலும் போன வருடம் ஒருவர் ‘ஆளுக்கு நூறு ரூபாய் வைப்போமா’ என்று ஆரம்பித்தார், கடைக்கார அண்ணாச்சிதான் நோட்டைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் மேல் கோபம் வந்தது, இப்போது வரவில்லை.

டீச்சர், சதவீதம் என்றால் எப்படி மதிப்பெண் போடுவது? 62 என்று எழுதி அவர் ஜெயித்தால் நான் சொன்னது சரியா, பாதி சரியா? யார் யாருக்குப் பழம்பொரி வாங்குவது என்று கடையில் இப்போதே சண்டை.

நேற்று ராத்திரி நானும் உட்கார்ந்து யோசித்தேன். ஓய்வு சபலென்காவுக்கு, டை பிரேக் சபலென்காவுக்கு. ஆனால் இந்த வருடம் இரண்டு கிராண்ட்ஸ்லாம் இறுதியில் ஆடி இரண்டிலும் தோற்றிருக்கிறார். பாரிஸில், பிரெஞ்சு ஓப்பன் இறுதியில், காற்றில் ஆட்டம் குலைந்து தானாகவே எழுபது தவறு செய்தார், அந்த முகம் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. விம்பிள்டனில் அனிசிமோவாவிடமே தோற்றிருக்கிறார். அதனால் என் மனது அனிசிமோவா பக்கமே போகிறது, ஆனால் பழையபடி நூறு என்று எழுத மாட்டேன். அனிசிமோவா 55.

---

கொழிஞ்சாம்பாறை கணக்கு டீச்சர் · சனி, மதியம்

மதிப்பெண் போட எளிய வழி இருக்கிறது. நீங்கள் எழுதிய சதவீதத்தைப் புள்ளி வைத்து எழுதுங்கள், 70 என்றால் 0.7. அவர் ஜெயித்தால் அதை 1இலிருந்து கழியுங்கள், தோற்றால் அப்படியே எடுங்கள். வந்ததை அதாலேயே பெருக்குங்கள். 70 எழுதி ஜெயித்தால் 0.09. தோற்றால் 0.49. குறைந்த எண் வாங்கியவர் நல்ல கணிப்பாளர். 1950இல் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் மழைக் கணிப்பைச் சோதிக்கக் கண்டுபிடித்த முறை இது. உங்களுக்குக் குற்றாலத்துச் சாரலே இருக்கிறது, அதற்கும் போட்டுப் பார்க்கலாம்.

இதில் ஒரு அழகு என்னவென்றால், எப்போதும் 50 என்றே எழுதுகிறவருக்கு எது நடந்தாலும் 0.25 வரும். நீங்கள் இந்த வருடம் எழுதிய ஐந்தும் நூறு சதவீதம் மாதிரி, நாலு தப்பு, சராசரி 0.8. அதே ஐந்து பெயரையும் 65 என்று எழுதியிருந்தால் 0.36தான் வந்திருக்கும். பெயர் ஒன்றுகூட மாறவில்லை, தப்பின் எடைதான் குறைந்தது.

மனது ஒரு பக்கம் போகிறது என்று நீங்களே சொன்னீர்கள் பாருங்கள், அதையும் நோட்டில் ஓரத்தில் எழுதி வையுங்கள். பிடித்தவர் ஆடும்போது நம் எண் எவ்வளவு ஏறுகிறது என்று சில மாதத்தில் தெரியும். எனக்கு ஸ்வியாடெக் ஆடினால் ஐந்து ஏறிவிடும், தெரிந்தே குறைத்துக்கொள்வேன்.

---

கம்பம் திராட்சை · சனி, மாலை

டீச்சர் நேற்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் சொன்ன ‘லாட்டரி’ தப்பான வார்த்தை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சரிபாதியை மாற்ற மாட்டேன். 50.

---

புளியரை பாசஞ்சர் · ஞாயிறு, காலை

பார்த்துவிட்டேன். ஒன்றேகால் மணிக்கு அலாரம் வைத்து, அம்மா எழுந்துவிடக் கூடாது என்று போனில் சத்தத்தைக் குறைத்து, அடுப்படிப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே ஆரியங்காவு பக்கத்திலிருந்து மழை. நியூயார்க்கிலும் மழையாம், கூரையை மூடிவிட்டார்கள்.

சபலென்கா 6-3, 7-6. டை பிரேக் 7-3, அது அவருக்கு வரிசையாகப் பத்தொன்பதாவது. நகரி அண்ணே, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

நீங்கள் சொன்னபடி செகண்ட் சர்வையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனிசிமோவாவுக்கு ஏழு டபுள் ஃபால்ட். பந்தைத் தூக்கும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கினார். கூரையின் வெள்ளை வெளிச்சத்தில் பந்தே தெரியவில்லை என்று பிறகு சொன்னார். கூரை மூடும் என்பதை நாம் யாருமே கணக்கில் எடுக்கவில்லை. தானாகச் செய்த தவறுகள் அவருக்கு 29, சபலென்காவுக்கு வெறும் 15. பாரிஸில் எழுபது செய்தவர், இங்கே பதினைந்து. அந்த முகத்தை நினைத்துத்தான் நான் எதிர்ப்பக்கம் எழுதினேன்.

ஒரு இடம் மட்டும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது செட்டில் 5-4, சபலென்கா சர்வ், கோப்பைக்கு இரண்டே புள்ளி. தலைக்கு மேலே சும்மா ஏறி நின்ற பந்து, அடித்தால் தீர்ந்தது. வலையில் அடித்துவிட்டார். அந்த கேமும் போய் 5-5. பாரிஸ் மறுபடி வந்துவிட்டது என்று நான் படியிலிருந்து எழுந்தே விட்டேன். அவர் ஒரு கணம் திரும்பி நின்றார், மட்டையின் நரம்பைச் சரிசெய்தார், அவ்வளவுதான், முகத்தில் எதுவும் மாறவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு என் 55 தப்பு என்று தெரிந்தது, ஆட்டம் அப்போது முடிந்திருக்கவில்லை.

செரீனா வில்லியம்ஸுக்குப் பிறகு, அதாவது 2014க்குப் பிறகு, இந்தக் கோப்பையை அடுத்தடுத்த வருடம் எடுத்தவர் இவர்தான். கோப்பையைக் கையில் வாங்கியபோது எனக்கும் தொண்டை அடைத்தது, எதிர்ப்பக்கம் எழுதியிருந்தாலும்.

மதிப்பெண்: நகரி அண்ணன் 0.09. டீச்சர் 0.14. கம்பம் அண்ணன் 0.25. நான் 0.30. எங்கள் கடைக்கார அண்ணாச்சி அனிசிமோவா 90 என்று எழுதியிருந்தார், 0.81. ஆனால் அவர் வாங்கித் தர வேண்டிய பழம்பொரியும் அவர் கடையிலேயேதான் இருக்கிறது.

---

நகரி நெசவு · ஞாயிறு, மாலை

ஒரு ஆட்டம்தான் தம்பி. ஐம்பது ஆட்டம் எழுதிவிட்டு யார் முன்னால் என்று பார்ப்போம், டீச்சர் என்னைத் தாண்டிப் போய்விடுவார். அக்டோபர் கடைசியில் சென்னை ஓப்பன் மறுபடி வருகிறது, 2022க்குப் பிறகு இப்போதுதான். வருவதாக இருந்தால் சொல்லுங்கள். மேலே உட்காராதீர்கள், சர்வ் போடும் பக்கம் கோட்டுக்கு நேர் பின்னால் கீழ் வரிசை கிடைத்தால் பிடியுங்கள்.

---

புளியரை பாசஞ்சர் · ஞாயிறு, இரவு

வருகிறேன் அண்ணே. செங்கோட்டையில் பொதிகை ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து நுங்கம்பாக்கம் பக்கம்தான். கடையில் இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். நோட்டைக் கொண்டு வரட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன், புது நோட்டே வாங்கிக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: பெயர், சதவீதம், ஏன், செகண்ட் சர்வ்.